வலுசர்ப்பமும் இருபது முகப் பகடையும்



பெங்களூரில் வசிக்கும் ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்ட கேள்வியையே இம்மாதம் தியானிக்க எடுத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் அவர்களுடைய மகன் சனிக்கிழமைதோறும் நண்பனுடைய வீட்டில் நான்கு மணி நேரம் அமர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை விளையாடுகிறானாம். அவனுடைய பையிலிருந்து எட்டு முகமும் பன்னிரண்டு முகமும் இருபது முகமும் கொண்ட பகடைகள் விழுந்தன. புத்தகத்தின் அட்டையிலோ வலுசர்ப்பத்தின் படம். “ஐயா, இவைகளை எரித்துவிடலாமா?” என்று கேட்டார்கள்.

எரிப்பதற்கு முன்னே அது இன்னதென்று அறிந்துகொள்வது நலம். இது திரையில் ஆடும் விளையாட்டு அன்று. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, வாயினால் ஒரு கதையைச் சொல்லி வளர்ப்பதே இது. ஒருவர் கதையை நடத்துகிறவர். அவரை ‘டன்ஜன் மாஸ்டர்’ என்பார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்பார்கள்: ஒருவன் போர்வீரன், ஒருத்தி மந்திரவாதி, இன்னொருவன் பூட்டுத் திறக்கும் கள்ளன். “உங்களுக்கு முன்பாகப் பூட்டிய கதவு ஒன்று இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துகிறவர் கேட்பார். “உடைக்கிறேன்” என்று வீரன் சொன்னால், இருபது முகப் பகடையை உருட்டவேண்டும். அவனுடைய பலம் 16 என்று தாளில் எழுதியிருந்தால், விழுந்த எண்ணோடு 3 கூட்டப்படும். நடத்துகிறவர் 15 வேண்டும் என்று நிர்ணயித்திருந்தால், பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். விழாவிட்டால் கதவு திறக்காது. வேறு வழியைச் சிந்திக்கவேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களுள்ள விதிநூலைக் கண்டு புதியவர்கள் அஞ்சுவதுண்டு. ஆனால் அதன் இருதயம் இவ்வளவுதான்.

பகடை என்றவுடன் சூதாட்டம் நினைவுக்கு வருகிறது. இங்கே பணம் வைத்து ஆடுவதில்லை. வென்றவன், தோற்றவன் என்றும் இல்லை. அப்போஸ்தலர் மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப்போட்டதைக் காட்டி இதை நியாயப்படுத்துகிறவர்களும் உண்டு. அது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. அது ஜெபத்தோடு செய்யப்பட்ட காரியம், இது விளையாட்டு.

இவ்விளையாட்டை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்டார்கள். கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து, அது போனபின் செருப்புச் சீர்செய்தும் குடும்பத்தை நடத்தியவர். முதலில் அச்சிட்டது 1000 பெட்டிகள் மாத்திரமே. பிரச்சினை 1979-இல் எழும்பியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மாணவன் ஒருவன் காணாமற்போனான். விளையாட்டின் மயக்கத்தில் நிலத்தடிச் சுரங்கப்பாதைக்குள் போய்விட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அவன் உயிரோடு கிடைத்தான்; அடுத்த ஆண்டு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவனைத் தேடிய துப்பறிவாளர் 1984-இல் எழுதிய நூலில், அவன் ஓடிப்போனதற்கு விளையாட்டு காரணமல்ல என்பது தெளிவாயிற்று. வயதுக்கு மிஞ்சிய படிப்பின் பாரமும், தனிமையும், வீட்டின் எதிர்பார்ப்புமே அவனை நெருக்கியிருந்தன. ஆனால் அதற்குள் அமெரிக்கச் சபைகளில் பயம் பரவிவிட்டது, துண்டுப்பிரதிகள் அச்சாயின. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பிசாசுகளின் பெயர்களையே மாற்றினார்கள். 2000-இல் அவை திரும்பி வந்தன.

அந்தப் பையனை எண்ணும்போது என் மனம் கலங்குகிறது. எல்லாரும் விளையாட்டுப் பெட்டியை உற்றுப்பார்த்தார்கள். பிள்ளையை உற்றுப்பார்த்தவர்கள் சிலரே. நம் வாலிபரை யோசித்துப் பாருங்கள். தகப்பனாருக்கு இரவு வேலை, தாயாருக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம், தாத்தா பாட்டி திருநெல்வேலியில். அவன் எந்த மொழியில் சிரிக்கிறான் என்பதே நமக்குத் தெரியாது. நான்கு பேர் கைபேசியை ஒதுக்கிவைத்து, முகம் பார்த்துப் பேசுகிற ஒரு மேசை அவனுக்குக் கிடைத்தால், அதை அற்பமாய் எண்ணலாகாது.

எனினும் ஜாக்கிரதை வேண்டும். உபாகமம் 18-ஆம் அதிகாரம் விலக்குகிற சூனியமும் குறிகேட்டலும் கதையிலும் ஒருவனுக்கு இச்சையாகுமானால் அது கண்ணி. இவ்விளையாட்டில் ‘வார்லாக்’ என்னும் வகை உண்டு. அசுத்த ஆவியோடு உடன்படிக்கை செய்து வல்லமை பெறுகிறவனாகவும் அதை ஆடலாம். என் மகனுக்கு அதை நான் அனுமதியேன். வேறு வகைகள் எத்தனையோ இருக்கின்றன. நாத்தான் தீர்க்கதரிசி ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னபோது தாவீது கதைக்குள் நின்றே கோபப்பட்டுத் தீர்ப்பளித்தார் அல்லவா? கதைக்குள் மனிதன் தெரிந்துகொள்ளுகிற காரியம் அவன் உள்ளத்தைக் காட்டும். கைதியான எதிரியை உங்கள் மகன் கொன்றானா, விடுவித்தானா? இதைக் கேளுங்கள், ஆசையாய்ச் சொல்லுவான்.

புதிதாய்த் தொடங்குகிற பிள்ளைகள் கடைக்கு ஓடவேண்டியதில்லை. 2023 ஜனவரியில் அடிப்படை விதிகளின் தொகுப்பை எவரும் பயன்படுத்தலாம் என்னும் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். ஒரு பகடைத் தொகுதியும் பென்சிலும் அழிப்பானும் போதும். புத்தகம் வாங்கினாலும் மேசைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளட்டும். அழகிய பகடைகளின்மேல் ஆசை பெருகினால் பணம் கரைந்துபோகும். முதலில் வீரனையோ கள்ளனையோ எடுத்துக்கொள்வது எளிது. மந்திரவாதிக்கு மனப்பாடம் அதிகம். கதை நடத்துகிறவர் பெரியவராய், நிதானமுள்ளவராய் இருக்கட்டும். எவைகள் கதையில் வரலாகாது என்பதை முதல் நாளிலேயே எல்லாரும் கூடிப் பேசி முடிவுசெய்வது அவ்விளையாட்டுக்காரரிடையே இன்று வழக்கமாகிவிட்டது. உங்கள் மகன் அங்கே தயங்காமல், “எனக்கு இது வேண்டாம்” என்று சொல்லலாம், ஒருவரும் கேலிசெய்யமாட்டார்கள். கேலிசெய்தால், அந்த மேசையை விட்டு எழுந்துவிடட்டும்.

ஞாயிறு ஆராதனை நேரத்திற்கு இது வரக்கூடாது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கூடுமானால் ஒரு மாலை அவர்களை உங்கள் வீட்டிற்கே அழையுங்கள். நீங்களும் ஓர் ஓரத்தில் அமர்ந்து கேளுங்கள், விதி தெரியாவிட்டாலும் கதை புரியும். முறுக்கும் தேநீரும் மேசையின் ஓரத்தில் இருக்கட்டும். நடுவில் வைத்தால் பகடை உருள இடமிராது.