பாக்கெட்டின் முன்பக்கம் ஊர்ப் பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த தம்பி ஒருவர் எங்களிடம் ஒரு பாக்கெட்டைக் காட்டினார். அவருடைய அம்மா அரைத்த மிளகாய்த்தூள். கடைக்குக் கொடுக்காமல் இன்ஸ்டாகிராமில் நேரடியாக விற்கப் போகிறார். லோகோ, நிறம், எழுத்துரு எல்லாம் தயார். “ஊர் பேரை மட்டும் போடலண்ணா. போட்டா காலனின்னு தெரிஞ்சிடும்” என்றார்.

பிராண்டுக்குத் தனி அடையாளம் வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் நடத்துகிறார்கள். நமக்கு மட்டும் அது தலைகீழ்: விற்க வேண்டுமென்றால் அடையாளத்தை மறை.

‘அய்யர் மெஸ்’ பலகைக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே சாதியே சுத்தத்துக்குச் சான்றிதழ். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் செய்தது இதனால்தான். யார் கை சமைத்ததைச் சாப்பிடலாம் என்று அந்த ஒற்றைச் சொல் ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

சிலர் மறைக்க மறுத்தார்கள். 2016இல் சந்திரபான் பிரசாத் ‘தலித் ஃபுட்ஸ்’ என்ற பெயரிலேயே மசாலாத்தூளும் ஊறுகாயும் இணையத்தில் விற்றார். தீட்டு கடுமையாகக் காவல் காக்கும் இடம் அடுப்படி. நேராக அங்கேயே போனார். 2015 மாட்டிறைச்சித் தடையால் மகாராஷ்டிரத்தில் தோல் தொழில் முடங்கியபோது, மும்பை ஓவியர் சுதீர் ராஜ்பர் அந்தக் கைவினைஞர்களோடு சேர்ந்து மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்தார். பிராண்டின் பெயர் ‘சமார்’. இழிவுபடுத்தும் நோக்கத்தில் ஒருவரை அப்படி அழைப்பது வன்கொடுமைச் சட்டப்படி குற்றம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அதே சொல்.

எல்லோரும் சாதிப் பெயரைப் போடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சாதியை ஒழிக்க வந்த நாம் அதையே சரக்காக்குவதில் எங்களுக்கும் தயக்கம் உண்டு. ஆர்டர் நின்றால் நட்டம் அந்த அம்மாவுக்குத்தான் என்பதும் தெரியும்.

ஆனால் ஊர்ப் பெயர்?

நம் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையைப் பாருங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். மேய்ச்சல் காட்டை சிப்காட்டுக்கு எடுத்ததை எதிர்த்துப் போராடியது. அங்கே ஆலை அமைத்த மிச்செலினின் டயர் பொம்மையை 1898இலிருந்து உலகம் அறியும். அந்த ஊரை எத்தனை பேர் அறிவார்கள்?

உணவுப் பாக்கெட்டில் தயாரிப்பாளரின் முழு முகவரி இருக்க வேண்டும் என்பது சட்டம். எப்படியும் பின்பக்கம் பொடி எழுத்தில் வரப்போகிற பெயர்தான். அதை முன்பக்கம் பெரிதாக, நீலத்தில் போடச் சொன்னோம்.

தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை. தோழர்களே, அவர் துணிந்து போட்டால் முதல் நூறு பாக்கெட்டை வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஜெய்பீம்!