விளையாட்டே தொழிலானால்...

சீட்டு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே நம் பெரியோர் முகம் சுளிப்பர். அஃது இயல்பே. பணயம் வைத்து ஆடிப் பாழ்பட்ட குடும்பங்களை அவர்கள் கண்டிருக்கின்றனர். எனினும் சீட்டுகளைக் கொண்டு ஆடப்படுவன யாவும் சூது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அட்டை விளையாட்டு ஒன்றையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் தோன்றியுள்ளனர். அவர்தம் வாழ்வு மாணவ உலகிற்கு உணர்த்தும் உண்மை யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்தளித்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் விளையாட்டை, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்டது. வழக்கமான சீட்டுக்கட்டில் 52 சீட்டுகளே உண்டு. எவர் கையிலும் அதே கட்டுதான். இவ்விளையாட்டிலோ அட்டைகள் பல்லாயிரம். அவற்றுள் தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து, குறைந்தது 60 அட்டைகள் கொண்ட கட்டொன்றை ஒவ்வொருவரும் தாமே அமைத்துக்கொள்கின்றனர். ஆட்டம் மேசையில் தொடங்குவதற்கு முன்பே, கட்டை அமைக்கும் சிந்தனையில் பாதிப் போட்டி நடந்து முடிந்துவிடுகிறது எனலாம்.

இதில் தற்செயலுக்கு இடமில்லையோ எனின், உண்டு. 60 அட்டைகளுள் ஏறத்தாழ 24 அட்டைகள் ஆற்றல் தரும் 'நிலங்கள்'. அவை கைக்கு வராவிடின் மற்ற அட்டைகளைப் பயன்படுத்த இயலாது. அவையே மிகுதியாக வந்தாலும் பயனில்லை. ஆகவே மிகச் சிறந்த ஆட்டக்காரரும் பத்து ஆட்டங்களில் மூன்று நான்கில் தோற்பது இயல்பு. தொடக்கக் காலத்தில் இருவரும் ஆளுக்கோர் அட்டையைப் பணயமாக வைத்து ஆடும் விதியும் இதில் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது; பணயத்தைச் சார்ந்த அட்டைகள் போட்டிகளில் தடை செய்யப்பட்டன. நிகழ்தகவை அளந்து, எதிராளியின் எண்ணத்தை உய்த்துணர்ந்து, தோல்வியிலும் நிதானம் இழவாது ஆடுவோரே காலப்போக்கில் முன்னிற்கின்றனர். இத்திறமையை மறுப்பது நேர்மையாகாது.

தொழில்முறைப் போட்டித் தொடர் 1996ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கியது. ஜெர்மனியைச் சேர்ந்த கை புடே 1999 முதல் 2003 வரையிலான குறுகிய காலத்தில் அத்தொடரில் ஏழு பட்டங்களை வென்றார். அமெரிக்கரான ஜான் ஃபிங்கெல் 2000ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் உலக வாகையர் ஆனார். 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹொனலூலுவில் 16 பேர் மட்டுமே மோதிய உலகப் போட்டியில், பிரேசில் நாட்டவரான பாலோ விட்டோர் டாமோ டா ரோசா வாகை சூடி 3,00,000 டாலர் பெற்றார். இச்செய்திகளைப் படிக்கும் இளைஞர்க்கு, 'கரும்பு தின்னவும் கூலியா!' என்னும் வியப்பு எழுவதில் வியப்பில்லை.

ஆயின் நாணயத்தின் மறுபக்கத்தையும் நாம் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இக்கூலியைத் தருபவர் யார்? அட்டைகளை அச்சிட்டு விற்கும் அதே நிறுவனமே. விதிகளை வகுப்பதும், எவ்வட்டையைத் தடை செய்வது என முடிவு செய்வதும், போட்டிகளை நடத்துவதும், பரிசளிப்பதும் அதுவே. 1999ஆம் ஆண்டு அந்நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ என்னும் பெரும் பொம்மை நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. வணிகக் கண்ணோட்டத்தில் ஆட்டக்காரர் ஓர் உயிருள்ள விளம்பரம். விளம்பரச் செலவு ஆதாயம் தரும்வரை தொடரும், தராதபோது நிற்கும்.

இது வெறும் ஐயமன்று, நிகழ்ந்த வரலாறு. 2016ஆம் ஆண்டு, முதல்நிலை ஆட்டக்காரர்க்கு ஒவ்வொரு பெரும் போட்டியிலும் அளிக்கப்பட்டு வந்த 3,000 டாலர் வருகைத்தொகை 250 டாலராகக் குறைக்கப்படும் என அறிவிப்பு வந்தது. கடும் எதிர்ப்பு எழவே, சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது. 2018ஆம் ஆண்டு இறுதியில், 32 ஆட்டக்காரர்க்கு ஆளுக்கு 75,000 டாலர் ஒப்பந்தம் வழங்கும் புதிய கூட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. இதோ, நிலையான தொழில் பிறந்துவிட்டது எனப் பலரும் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், அடுத்து வரும் பருவத்தோடு அவ்வமைப்பு முடிவுறும் என அதே நிறுவனம் அறிவித்தது. 2023ஆம் ஆண்டு போட்டித் தொடர் பழைய பெயரில் மீண்டும் தொடங்கிற்று, பரிசுகளும் உண்டு. மீண்டு வராதது ஆண்டூதியமே.

சதுரங்கத்தோடு இதனை ஒப்பிடுக. சதுரங்கத்திற்கு உரிமையாளர் எவருமிலர். அதன் குதிரையை எந்நிறுவனமும் திரும்பப் பெற முடியாது. அட்டை விளையாட்டிலோ சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய அட்டைகள் வெளிவருகின்றன. பழையன பல முதன்மைப் போட்டிகளினின்று விலக்கப்படுகின்றன. ஆட்டக்காரர் ஓயாது வாங்கவும் வேண்டும், ஓயாது பயிலவும் வேண்டும். பிறர்க்குரிய நிலத்தில் பயிரிடும் உழவனின் நிலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. உழைப்பு அவனுடையது, வரப்பை மாற்றும் உரிமையோ வேறொருவருடையது.

'எவ்விளையாட்டில்தான் நிலைபேறு உண்டு? ஓட்டக்காரனின் கால் ஒடிந்தால் அவன் கதி என்ன?' என்று வினவலாம். வினா நியாயமானதே. உடல் தளர்வு இயற்கையின் நியதி. அதனை முன்னரே எதிர்நோக்கலாம். ஓர் அலுவலக அறையில் எடுக்கப்படும் முடிவை எதிர்நோக்க இயலுமா? ஒரு வேலையை 'வாழ்க்கைத் தொழில்' எனச் சொல்லி இளைஞரை அழைக்கும் நிறுவனம், தன் சொல்லுக்குப் பொறுப்பேற்றல் கடமை. ஆண்டுகளையும் படிப்பையும் ஈடாகத் தந்தவர்க்கு, போதிய கால அவகாசமும் ஈட்டுத்தொகையும் அளிப்பது சலுகையன்று, நீதியாகும்.

ஜான் ஃபிங்கெலின் வாழ்வு இவ்விடத்துக் கருதத்தக்கது. பட்டங்கள் குவித்த அவர் பின்னர் முதலீட்டு நிதி நிர்வாகத்தைத் தம் தொழிலாகக் கொண்டார். வாய்ப்புகளை எடைபோட்டு முடிவெடுக்கும் ஆற்றல் இரண்டிற்கும் பொது. ஆட்டத்தையும் அவர் அறவே துறந்துவிடவில்லை. 2008ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மீண்டும் ஒரு பட்டம் வென்றார். ஆட்டத்தில் பெற்ற அறிவுக்கு ஆட்டத்திற்கு வெளியேயும் விலை உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

எனவே, பெற்றோரும் ஆசிரியரும் இத்தகைய ஆர்வத்தைக் கண்டவுடன் கடிந்து ஒடுக்கற்க. அதனுள் மறைந்திருக்கும் கணித நுட்பத்தையும் பொறுமையையும் இனங்கண்டு வழிப்படுத்துக. மாணவ நண்பர்களோ, பரிசுத் தொகையை மட்டும் நோக்காது, அத்தொகை எவர் கையிலிருந்து வருகிறது, நாளை அக்கை மூடிக்கொண்டால் தம் கையில் எஞ்சுவது யாது என்னும் இரு வினாக்களையும் எழுப்புக. விடை நிறைவளித்தால் துணிந்து ஆடுக. இல்லையேல், வேறொரு தொழிலில் கால் ஊன்றிக்கொண்டு மகிழ்வுக்காக ஆடுக. இவ்விரு வினாக்களும் அட்டை ஆட்டத்திற்கு மட்டுமல்ல, நாம் தேர்ந்துகொள்ளும் எத்தொழிலுக்கும் உரியவை.