வாக்த்ரூ வீரர்களே, கொஞ்சம் நில்லுங்க!

பழைய பாயின்ட் அண்ட் க்ளிக் அட்வெஞ்சர் கேம்களை இப்போது தூசி தட்டி விளையாடுகிற எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "கதை சூப்பர், ஜோக் சூப்பர், ஆனா புதிருக்கு லாஜிக்கே இல்லடா, டைம் வேஸ்ட்." கொஞ்சம் தோண்டித் துருவினால் குட்டு வெளிப்படும். ஒரு ஜன்னலில் கேம், பக்கத்து ஜன்னலில் வாக்த்ரூ! குறுக்கெழுத்துக் கட்டத்தை விடையைப் பார்த்து நிரப்பிவிட்டு, "இதுல என்னய்யா சுவாரசியம்" என்று கேட்டால் அது யார் தப்பு?

இந்த வகை கேமில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் ஆட்டமே. சுடுவது கிடையாது, ஓடுவது கிடையாது. கையில் ஒரு மூட்டை சாமான், எதிரே பூட்டின கதவு, அவ்வளவுதான். முழிக்கிற நேரத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கார்ட்டூன் படம். அதை யூட்யூபிலேயே பார்த்துத் தொலைக்கலாம், மவுசுக்காவது ஓய்வு கிடைக்கும்.

1990-ல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வாள் சண்டை என்பது வாய்ச் சண்டை. எதிராளி ஒரு நக்கல் விடுவான், அதற்குப் பொருத்தமான பதிலடி கொடுத்தால் நமக்கு வெற்றி. தெருவில் போகிற கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்றுத்தான் நக்கலையும் பதிலையும் கற்க வேண்டும். எல்லாம் மனப்பாடம் ஆன தெம்பில் வாள் மாஸ்டரிடம் போனால், அந்த அம்மா விடுவது அத்தனையும் புது நக்கல்! நமக்குத் தெரிந்த பழைய பதில்களில் எது இதற்குப் பொருந்தும் என்று அங்கேயே யோசிக்க வேண்டும். மனப்பாடம் வேறு, புரிதல் வேறு என்பதை இவ்வளவு ஜாலியாக எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. வாக்த்ரூவில் இது ஒரு அட்டவணை. இடப்பக்கம் நக்கல், வலப்பக்கம் பதில். முடிந்தது கதை.

உடனே பூனை மீசையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரியும். 1999-ல் வந்த 'கேப்ரியல் நைட் 3'-ல் பைக் வாடகைக்கு எடுக்க ஹீரோ இன்னொருத்தராக வேஷம் போட வேண்டும். அதற்குப் பூனையை விரட்டி, டேப்பில் அதன் முடியைப் பிடித்து, சிரப் தடவி மீசை ஒட்ட வேண்டும். இதில் கூத்து என்னவென்றால், அந்த இன்னொருத்தருக்கு மீசையே கிடையாது! அதனால் பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். இதை வைத்து 2000-ல் 'ஓல்டு மேன் முர்ரே' தளத்தில் எரிக் வோல்பா கிழி கிழியென்று கிழித்தார். அட்வெஞ்சர் கேம் தற்கொலை செய்துகொண்டது என்கிற ரீதியில் போகும். (அதே மனுஷன் பின்னாளில் 'போர்ட்டல்' கேமுக்கு வசனம் எழுதினார். அதுவும் முழுக்கப் புதிர்தான், ஹி ஹி.)

மீசை அபத்தம், ஒப்புக்கொள்கிறேன். அதைவிடக் கொடுமை 1990-ன் 'கிங்ஸ் குவெஸ்ட் 5'. பூனை துரத்துகிற எலியை ஒரே ஒரு தருணத்தில் காப்பாற்றத் தவறினால், வெகுநேரம் கழித்து நம்மைக் கட்டிப்போடும்போது கயிற்றைக் கடிக்க எலி வராது. எங்கே தப்பு பண்ணினோம் என்றே தெரியாமல் சாக வேண்டியதுதான். இதற்குப் பெயர் புதிர் இல்லை, வழிப்பறி. ஆனால் இதைக் காட்டி எல்லா கேமையும் ஒரே குப்பைக் கூடையில் போடுவதுதான் எனக்கு எரிகிறது. மங்கி ஐலண்டை உருவாக்கிய ரான் கில்பர்ட், 1989-லேயே அட்வெஞ்சர் கேம்கள் ஏன் மொக்கை என்று கட்டுரை எழுதியவர். செத்துத்தான் பாடம் கற்க வேண்டும் என்ற நிலை வரக்கூடாது, திரும்பப் போய் எடுக்க முடியாத பொருளைப் பின்னால் கேட்கக்கூடாது என்று சொன்னவர். அவரும் சறுக்கினார். 1991-ல் 'மங்கி ஐலண்ட் 2'-ல் ஒரு குரங்கையே ஸ்பானராகப் பயன்படுத்த வேண்டும். 'மங்கி ரென்ச்' என்ற ஆங்கிலப் பெயர் தெரியாதவன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். அங்கே வாக்த்ரூ பாருங்கள், பாவமில்லை.

நல்ல புதிர் எப்படி இருக்கும்? 'டே ஆஃப் த டென்டக்கிள்' (1993). மூன்று பேர் மூன்று காலத்தில். எதிர்காலத்தில் ஒருத்தி மரத்தில் தொங்குகிறாள். எங்கள் ஹாஸ்டலில் மூன்று பேர் நான்கு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். ஐந்தாம் நாள் மெஸ் வரிசையில் சாம்பாருக்கு நிற்கும்போது ரூம்மேட் கத்தினான்: "டேய், இறந்தகாலத்துல மரத்த வெட்டுடா!" யார் வெட்டுவது? ஜார்ஜ் வாஷிங்டன். அவர் செர்ரி மரத்தைத்தான் வெட்டுவார், அங்கே இருப்பதோ கும்குவாட் மரம். பழத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். வெட்டினார்! தட்டைப் போட்டுவிட்டு ஓடியதில் மதியச் சாப்பாடே போச்சு. இந்த நான்கு நாளைத்தான் 'டைம் வேஸ்ட்' என்கிறார்கள்.

"அந்தக் காலத்துலயும் ஹின்ட் இருந்துச்சே" என்பீர்கள். இருந்தது. சியராவும் லூகாஸ்ஆர்ட்ஸும் ஹின்ட் புத்தகம் விற்றன, அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு போனில் விடை சொன்னன. காசு செலவாகும் என்பதாலேயே ஆள் முதலில் யோசிப்பான். 2009-ல் வந்த மங்கி ஐலண்ட் மறுபதிப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் ஹின்ட், இன்னும் அழுத்தினால் இன்னும் ஹின்ட். 2022-ன் 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்'டில் ஹின்ட் புத்தகம் படிப்படியாகத்தான் அவிழ்க்கும், அது பரவாயில்லை.

சோதித்துப் பார்க்க காசும் வேண்டாம். 1994-ன் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' 2003-லிருந்து இலவசம், ஸ்கம்விஎம் தளத்தில் கிடைக்கிறது. இறக்கிக்கொள்ளுங்கள், பக்கத்து ஜன்னலை மூடுங்கள். முதல் அரை மணியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். விடை கேட்டு என் ரூம் கதவைத் தட்டாதீர்கள், சொல்ல மாட்டேன் :-)