முங்குற பூங்கா போடுங்க!

போன வாரம் மதுரைக்குப் போயிருந்தப்ப அண்ணன் மகன் சொன்னான்: "சித்தப்பா, வைகைக் கரை முழுக்க பூங்கா போட்டுட்டா ஊரே மாறிடும்." ஆசையில தப்பில்ல. சாயங்காலம் பிள்ளைகளோட காத்தாட உக்கார டவுன்ல இடம் எங்க இருக்கு? ஆனா நான் மதுரைக்குக் கீழ வைகைத் தண்ணியில வெள்ளாமை பண்றவன். எனக்கு வேற மாதிரி படுது.

காய்ஞ்ச மணலைப் பாத்து "சும்மாத்தானே கிடக்கு"ன்னு நினைக்கிறீங்க. சும்மா கிடக்கல. வெள்ளம் வந்தா பரந்து ஓடுறதுக்கான இடம் அது. உங்க தெரு போர்ல தண்ணி ஊறுறதும் அதனாலதான். அங்க மண்ணைக் கொட்டி மேடாக்கி, சுவர் எழுப்பி, டைல்ஸ் பதிச்சா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு. குடிசை போட்டவனை மட்டும் காலி பண்ணச் சொல்றோம். சுவருக்குள்ள ஒடுங்கி வேகமா வர்ற வெள்ளம் கீழ எங்க கரையைத்தான் உடைக்கும்.

"அகமதாபாத் சபர்மதியைப் பாருங்க"ம்பாங்க. அங்க தேங்கி நிக்கிறது நர்மதைக் கால்வாயிலிருந்து விட்ட தண்ணி. நமக்கு எந்த நர்மதை இருக்கு? வைகை அணையே பெரியாறு தண்ணியை நம்பித்தான் இருக்கு. படகு விட மதுரையில தேக்கினா, மானாமதுரையிலிருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் வானத்தைப் பாத்து நிக்க வேண்டியதுதான்.

ஆத்தை ஒடுக்கினா என்ன ஆகும்னு சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2015 டிசம்பர்ல அடையாறு சைதாப்பேட்டைக்குள்ள புகுந்துச்சே, அது வழி தப்பி வரல. தன்னோட இடத்துக்குத்தான் வந்துச்சு. அதே அடையாறு முகத்துவாரத்துல, குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் திரும்பவும் சதுப்பா மாத்தி, 2011-ல தொல்காப்பியப் பூங்காவாத் திறந்தாங்க. ஆக, ஆத்தை நெரிக்காமலும் பூங்கா போடலாம்.

அதனால பூங்காவே வேணாங்கல. வெள்ளம் வந்தா முங்குற பூங்காவாப் போடுங்க. சுவருக்குப் பதிலா நாணலும் மருதமரமும் இருக்கட்டும். கடை, கார் நிறுத்துற இடமெல்லாம் கரைக்கு வெளிய. வெள்ளம் வர்ற நாலு நாள் பூட்டிக் கிடந்தா ஒண்ணும் குடி முழுகிடாது.

எல்லாத்துக்கும் முன்னாடி, ஆத்துல விடுற சாக்கடையை நிறுத்துங்க. அந்தத் தண்ணியோரம் நீங்க அரைமணி நேரம் நடப்பீங்க. எங்க நெல்லு அதைத்தான் குடிக்குது. அந்த அரிசி திரும்பவும் உங்க தட்டுக்குத்தான் வருது.