கோழி இறகின் மதிப்பு

ஊத்துக்குளி வட்டாரத்தில் வீணாகும் பொருள்களுள் மிகவும் இழிவாக எண்ணப்படுவது கோழி இறகு. இறைச்சிக் கடைகளில் அது குடலோடும் இரத்தத்தோடும் கலந்து மூட்டையாகக் கட்டப்பட்டு, இரவில் ஓடைக்கரையிலோ புறம்போக்கிலோ கொட்டப்படுவது உண்டு. நாய்கள் அதனைக் கிளறுவதும், அண்டைத் தோட்டத்தார் முறையிடுவதும், ஊராட்சியார் பள்ளம் வெட்டிப் புதைப்பதும் யாவரும் கண்டதே. இறகு ஒன்றுக்கும் உதவாத கழிவு என்னும் அபிப்பிராயமே இத்தொல்லைக்கு மூலகாரணம். அவ்வபிப்பிராயம் தவறானது.

இறகு, மயிர், கம்பளி, கொம்பு, குளம்பு, நகம் ஆகிய யாவும் கெராட்டின் என்னும் புரத இனத்தால் ஆனவை. கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இப்புரதத்தில் கந்தகம் மிகுதி. அக்கந்தகமே புரத இழைகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைத்து நிற்கிறது. ஆகையால், தோல் கொதிநீரில் பசையாகக் கரைவதுபோல் இறகு கரைவதில்லை. மண்ணில் புதைத்தாலும் எளிதில் மக்குவதில்லை. 1934-ல் அமெரிக்காவில் காடர்டு, மைக்கேலிஸ் என்னும் இரு அறிஞர்கள் தயோகிளைக்காலிக் அமிலத்தின் துணையால் இப்பிணைப்பை அறுத்துக் கெராட்டினைக் கரைக்கும் வழியை வெளியிட்டனர்.

இவ்வாறு கரைத்துச் சுத்தி செய்த கெராட்டினைப் பொடியாகவும், மெல்லிய ஏடாகவும், கூழாகவும், பஞ்சு போன்ற துண்டாகவும் ஆக்கலாம். உடலின் உயிரணுக்கள் இதன்மேல் நன்கு பற்றி வளர்வதால், தீப்புண், ஆறாத காற்புண் முதலியவற்றின்மேல் இடும் கட்டுகளுக்கு இது ஏற்றதாகிறது. நியூஜீலந்தில் செம்மறிக் கம்பளியிலிருந்து இத்தகைய சாமான்கள் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்துள்ளன. சென்னையில் 1948-ல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளும் கொம்பு, இறகு ஆகியவற்றின் கெராட்டினை இக்காரியத்திற்கு உபயோகித்து ஆராய்ந்துள்ளனர்.

இவ்வட்டாரத்துக் கொறங்காடுகளில் மேயும் மேச்சேரி ஆடுகளுக்குக் குறுமயிரன்றிக் கத்தரிக்கத்தக்க கம்பளி இல்லை. ஆனால் பல்லடத்தை மையமாகக் கொண்ட கறிக்கோழி வளர்ப்பு இப்பகுதியின் பெருந்தொழில். 2 கிலோ எடையுள்ள கோழியில் 100 கிராம் இறகு என்று குறைத்தே கணக்கிட்டாலும், 1,000 கோழிக்கு 100 கிலோ ஆகிறது. உலர்ந்த இறகில் 100-க்குச் சுமார் 90 பங்கு கெராட்டினே.

இதனைக் கேட்டவுடன் இறகு நாளையே பொன்விலை போகும் என்று குடியானவர்கள் மயங்கலாகாது. மருந்துச் சாமானுக்கு வேண்டிய இறகு நோயற்ற பறவையினுடையதாகவும், அழுகாததாகவும், எங்கிருந்து வந்தது என்று திட்டமாகத் தெரிந்ததாகவும் இருத்தல் வேண்டும். பாலில் அழுக்குச் சேர்ந்தால் வெண்ணெய் கெடும் என்பதை, வெண்ணெய்க்குப் பேர்பெற்ற ஊத்துக்குளியாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இறகுக்கும் அதுவே விதி. ஆய்வுக்கூடத்தில் சுத்தி செய்யாத மயிரையோ கொம்புத் தூளையோ நேரே புண்ணில் இடுவது பெருந்தீங்கு என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் உடனே கைகூடும் பயன் ஒன்று உண்டு. இறகை அழுத்த நீராவியில் வேகவைத்து உலர்த்தி அரைத்த தூளில் 100-க்குச் சுமார் 12 பங்கு தழைச்சத்து இருக்கிறது. கடலைப் பிண்ணாக்கிலோ சுமார் 7 பங்குதான். அவ்வசதி இல்லாத ஊர்களில் இறகைச் சாணம், வைக்கோல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றோடு அடுக்கடுக்காக இட்டு, ஈரங்காத்து, அவ்வப்போது புரட்டிவந்தால், சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும்.

ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்போருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலியே. இறகு உண்டாகுமிடம் இறைச்சிக் கடை. ஆகவே இதில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டியவர்கள் ஊராட்சித் தலைவர்களும் கிராம அதிகாரிகளுமே. கடைக்காரர்கள் இறகை வேறு கழிவோடு கலவாமல் அன்றன்றே தனிச் சாக்கில் ஒப்படைக்க வேண்டும் என்றும், நோயால் இறந்த கோழியின் இறகு அதில் சேரலாகாது என்றும் ஏற்பாடு செய்வது அவர்களால் ஆகக்கூடியதே. பொது எருக்களத்திற்கு இடம் ஒதுக்கி, நிலக்காரர்கள் எருவை விலைகொடுத்து வாங்கிக்கொண்டால், பிரித்தெடுக்கும் கூலியில் ஒரு பகுதி அதிலேயே ஈடாகும். மூட்டைகளை அள்ளிப் புதைக்கும் செலவும் மிஞ்சும்.

‘இந்த அருவருப்பான வேலையை யார் செய்வது?’ என்று கேட்கப்படலாம். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கழியும் துணித்துண்டுகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு மறுபடியும் நூலாகின்றன. பிரித்தவை சரக்கு, கலந்தவை குப்பை. இத்தொழில் நுணுக்கம் இவ்வட்டாரத்தாருக்குப் புதிதன்று. அதே சாயத்தொழிலின் கழிவுநீர் நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்து, 2011-ல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் நிலைமை உண்டானதும் அவர்கள் அறிந்ததே. ஓடைக்கரையில் இறகு மூட்டை விழுவதை இப்போதே தடுத்து, இறகைத் தனித்துச் சேர்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தும் ஊர் இன்று எருவைப் பெறும். மருந்துச் சாமான் செய்வோர் நாளை தேடி வருவார்களாயின், அவர்கள் கேட்கும் தரத்தில் சரக்குக் கொடுக்கவும் அவ்வூரே ஆயத்தமாயிருக்கும்.