தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்

"இவர்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள். விழிப்புணர்வு இல்லை." மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் சேரிப் பெண்ணைப் பற்றிச் சொல்லப்படும் தீர்ப்பு இதுதான். இந்தத் தீர்ப்பை நாம் ஏற்க மறுக்கிறோம்.

30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசு 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 0.9 விழுக்காடு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியானால் தாமதித்தது யார்?

அந்தப் பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ கையால் மார்பகத்தையும் அக்குளையும் தொட்டு அழுத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிக்கலே அங்குதான் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே மாத்திரை எழுதித் தள்ளிவிடும் சாதி மனம், நம் பெண்ணின் உடலைத் தொட வேண்டிய இடத்தில் என்ன செய்யும்? நாடித் துடிப்பைக்கூடப் பார்க்காத கை கட்டியை எப்படிக் கண்டுபிடிக்கும்? இதோடு ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கணக்கு. விடுப்பே இல்லாத ஒப்பந்தத் தூய்மைப் பணி. "இதையெல்லாம் வெளியே சொல்லாதே" என்று வாயடைக்கும் நம் வீட்டு ஆணாதிக்கம். இத்தனையையும் மறைத்துவிட்டு 'அறியாமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

நம்மிடமிருந்து மறைக்கப்பட்ட அறிவை நாமே எடுத்துக்கொள்வோம், தோழர்களே.

மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம்பெண்களுக்கு வரும், உருண்டையாக, தொட்டால் நழுவும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்னும் சாதாரணக் கட்டி. மாதவிடாய்க்கு முன் இரு பக்கமும் கனத்து வலித்துப் பிறகு அடங்குவது ஹார்மோன் மாற்றத்தால் வருவது. பால் கொடுக்கும் தாய்க்கு மார்பகம் சிவந்து, வீங்கி, காய்ச்சல் அடித்தால் அது பால் கட்டி வந்த அழற்சியாக இருக்கலாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். விட்டால் சீழ் பிடிக்கும்.

எவற்றைத் தள்ளிப்போடக் கூடாது? மாதவிடாய் முடிந்த பிறகும் கரையாத கட்டி. அக்குளில் கட்டி. தோல் குழிவிழுவது, ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பது. புதிதாக உள்ளிழுத்துக்கொண்ட காம்பு. காம்பில் ஆறாத புண், இரத்தக் கசிவு. ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது. 'வலியில்லையே' என்று இருந்துவிடக் கூடாது. தொடக்கநிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. அரிதாக ஆண்களுக்கும் வரும்.

கட்டி சாதாரணமானதா என்பதைக் கைமருந்தோ மருந்துக்கடைக்காரரோ முடிவுசெய்ய முடியாது. மருத்துவரின் பரிசோதனை, ஸ்கேன் அல்லது மேமோகிராம், தேவைப்பட்டால் ஊசிவழித் திசுப் பரிசோதனை ஆகியவையே முடிவுசெய்யும். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்பது வீண்பயம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாம் கெஞ்ச வேண்டியதில்லை. "தொட்டுப் பாருங்கள். பெண் செவிலியர் உடனிருக்கட்டும். பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது நம் உரிமை. தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதும், சேர்த்தபின் பாகுபாடு காட்டுவதும் 1955ஆம் ஆண்டின் பி.சி.ஆர். சட்டப்படி குற்றம்.

விடுதி மாணவிகளே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அம்மாவிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் இதைப் பேசுங்கள். தனியாக அனுப்பாதீர்கள், பத்துப் பெண்களாகச் சேர்ந்து போங்கள். மாணவத் தோழர்களே, அன்றைக்கு வீட்டுச் சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தொட மறுக்கும் கையை எதிர்த்து நிற்பதும் சாதி ஒழிப்புப் போராட்டம்தான்.