ஆணிதான் வாள்!

'ஆணி புடுங்குறது'ன்னா என்னன்னு காலேஜ் மக்களுக்குப் பாடம் எடுக்கவே வேணாம். ஆனா, அந்த ஆணியையே வாளாத் தூக்கிக்கிட்டு ஒரு ராஜ்ஜியம் பூரா சுத்துற பூச்சியைத் தெரியுமா? 'ஹாலோ நைட்' கேமோட ஹீரோ! வெள்ளைத் தலை, ரெண்டு கொம்பு, உள்ளே ஒண்ணுமே இல்லாத கறுப்புக் கண்ணு. பஞ்ச் டயலாக்? ம்ஹூம்... கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

கதை நடக்குற இடம் 'ஹாலோநெஸ்ட்'. மண்ணுக்கு அடியில பாழாய்ப் போன பூச்சிகளின் நாடு. வண்டு, சிலந்தி, அந்துப்பூச்சின்னு எல்லாரும் ஆஜர். கும்பிடுபூச்சிக் கூட்டம் ஒண்ணு இருக்கு பாருங்க... பார்த்தாலே பாய்ஞ்சு வெட்டும். அதுங்க தலைவர்களை நேருக்கு நேர் ஜெயிச்சுட்டீங்கன்னா, அப்புறம் நீங்க போற வழியில எல்லாம் தலை குனிஞ்சு வணக்கம் வைக்கும். பேருக்கு ஏத்த மரியாதை!

இந்த கேம் எதையும் ஊட்டி விடாது. மேப்கூட சும்மா கிடைக்காது. 'கார்னிஃபர்'னு ஒரு மேப் வரையுற பூச்சி எங்கேயோ உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கிட்டிருக்கும். சத்தத்தை வெச்சுத் தேடிப் போய்க் காசு கொடுத்து வாங்கணும். அதுவும் அரைகுறை மேப்தான். அதுல நாம எங்கே நிக்கிறோம்னு தெரியணும்னா, திசைகாட்டித் தாயத்து ஒண்ணைத் தனியா வாங்கி மாட்டணும். மாட்டுறதுக்கு இடமோ கொஞ்சம்தான். ஆக, வழி வேணுமா, பலம் வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கணும்.

ஆனா, ஆளைப் போட்டுப் பார்க்குறது சாவுதான். செத்தா, சேர்த்த காசு மொத்தமும் அந்த இடத்துலயே நின்னுடும். காவலுக்கு யார்? உங்க நிழல்! உங்களை மாதிரியே கறுப்பா ஒரு உருவம். அதை அடிச்சாத்தான் காசு திரும்ப வரும். போற வழியில மறுபடி செத்தீங்கன்னா, பழைய காசு அம்பேல். கோவத்துல ஓடுறவன் பாதி வழியிலேயே காலி. நின்னு நிதானமா வர்றவனுக்குத்தான் அந்த நிழல் மடங்குது. உயிரை ஏத்திக்கவும் அசையாம ஒரு இடத்துல நிக்கணும்கிறது இன்னொரு குசும்பு. எதிரி சும்மா நிக்க விடுவானா?

ஒரு கடுப்பு இருக்கு. சில இடங்கள்ல சேவ் பண்ற பெஞ்ச் ஒரு மூலையில, பாஸ் இன்னொரு மூலையில. பத்து தடவை தோத்தா பத்து தடவை அதே வழியில ஓடணும். இது சவால் இல்லை பாஸ், பஸ்ஸை விட்டுட்டு நடக்குற மாதிரி!

இத்தனையும் பண்ணது ஆஸ்திரேலியாவோட அடிலெய்டுல இருக்குற 'டீம் செர்ரி'ங்கிற குட்டி டீம். ஏரி கிப்சன், வில்லியம் பெல்லன்னு ரெண்டு பேர் அதுக்கு அஸ்திவாரம். 2013-ல ஒரு கேம் ஜாம் போட்டிக்காக அவசரமா செஞ்ச 'ஹங்ரி நைட்'தான் விதை. 2014-ல கிக்ஸ்டார்ட்டர்ல 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டாங்க, 57,000-க்கு மேல வந்துச்சு. 2017 பிப்ரவரியில கேம் ரிலீஸ். பணம் போட்டவங்களுக்கு 'ஹார்னெட்'ங்கிற இன்னொரு கேரக்டரையும் ஆடத் தர்றோம்னு சொல்லியிருந்தாங்க. அந்த எக்ஸ்ட்ரா ஐட்டம் வளர்ந்து வளர்ந்து 'சில்க்சாங்'னு தனி கேமாவே ஆயிடுச்சு. 2019-ல அறிவிச்சு, ரசிகர்களைக் காக்க வெச்சு, 2025 செப்டம்பர் 4-ம் தேதிதான் விட்டாங்க. அன்னிக்கு ஆன்லைன் கடைகளே கூட்டம் தாங்காம தள்ளாடுச்சு. அறிவிச்சு ஆறு வருஷத்துக்கு மேல. ஆனா, அவசரப்பட்டு அரைவேக்காடா இறக்கலை பாருங்க, அதுக்கே ஒரு ஓ போடலாம்.

புதுசா ஆடப் போறவங்க 'ஹாலோ நைட்'ல இருந்தே ஆரம்பிங்க. ஒரே டிப்ஸ்: பெரிய எதிரி இருக்கான்னு தெரிஞ்சா, கையில இருக்குற காசையெல்லாம் முதல்ல கடையில செலவு பண்ணிட்டுப் போங்க. அப்புறம் நிழல்கிட்ட கெஞ்ச வேண்டியிருக்காது!